ஒரு ஓட்டையைப் பார்க்கப் போன கதை

போன ஜூலையில் ஒரு சுவரில் இருந்த ஓட்டையைப் பார்க்க ஏறத்தாழ பத்தாயிரம் ரேண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்) செலவழித்தேன். அந்தக் கணக்கில் உடைந்த போன் திரையும் அடக்கம். மூன்று நாள் லீவும் சுளுக்கிய கணுக்காலும் அடக்கமில்லை. இப்போது யாராவது கேமரா அப்ஸ்க்யூரா என்கிற அந்த மாதிரி இருட்டறைக்குப் போகலாமா என்று கேட்டால் கண்டிப்பாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். நான் போன மாதிரி மட்டும் போகாதீர்கள். போவதற்கு முன் தேடிப் பார்த்தேன், இதைப் பற்றித் தமிழில் அனுபவமாக யாரும் எழுதியது என் கண்ணில் படவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டர்பனுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வாரநாட்களில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. கலை என்றால் ஓவியக் கண்காட்சிக்குப் போய் ஒவ்வொரு படத்தின் முன்னும் இரண்டு நிமிடம் நின்று தலையாட்டிவிட்டு வருகிற ஆள்தான். கேமரா அப்ஸ்க்யூரா என்ற சொல்லையே போன வருஷம்தான் கேள்விப்பட்டேன். லத்தீனில் கேமரா என்றால் அறை, அப்ஸ்க்யூரா என்றால் இருட்டு. 1604-இல் கெப்ளர் என்ற ஜெர்மன் வானியல் அறிஞர் தன் நூலில் பயன்படுத்திய பெயர் அது. நம் கையில் இருக்கிற கேமராவுக்கு அந்தப் ‘அறை’தான் பெயராக ஒட்டிக்கொண்டது. ஒரு அறையை முழுக்க இருட்டாக்கி, ஒரு சுவரில் சின்ன ஓட்டை போட்டால், வெளியே வெயிலில் இருக்கிற தெரு எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும். மின்சாரம் வேண்டாம், புரொஜக்டர் வேண்டாம். அலுவலகத்தில் ஒரு பெண் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்புறம் ஹம்பி ஞாபகம் வந்தது. பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போனபோது விருபாக்ஷர் கோயிலில் ஒரு இருட்டு மூலையில், ராஜகோபுரத்தின் நிழல் சுவரில் தலைகீழாக விழுவதைக் காட்டினார்கள். பன்னிரண்டு வயதில் அது எனக்குச் சாமி அதிசயம். இது அதேதான் என்று புரிந்ததும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் இருக்கிற மகாண்டாவில், முன்பு கிரஹாம்ஸ்டவுன் என்று இருந்து 2018-இல் பெயர் மாறிய ஊர் அது, ஒரு கலைஞர் தெருவோரப் பழைய கிடங்கு ஒன்றை இப்படி இருட்டறையாக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கலைஞர் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம், என் கோபம் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. அந்த ஊர் 1974-லிருந்து வருஷாவருஷம் நடக்கிற தேசியக் கலைவிழாவுக்குப் பெயர்போனது. விழா நாட்களில் தங்க இடம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும் என்பதால் விழா முடிந்த மறு வாரம் போவதென்று முடிவு செய்தேன். அந்த ஒரு புத்திசாலித்தனத்தோடு என் புத்தி தீர்ந்துபோனது. டிக்கெட் எடுக்கும்போது 11 மணி, 1 மணி, 4.30 மணி என்று மூன்று நேரம் காட்டியது. வருகிற அன்றைக்கே பார்த்துவிட்டால் மறுநாள் ஊர் சுற்றலாம் என்று 4.30-ஐ அழுத்தினேன். 180 ரேண்ட். ஜூலை இங்கே நடுக்குளிர்காலம். அங்கே ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். நாலரைக்கு வெயில் அடிவானத்தில் கிடக்கும். வெயிலே முழுக்க முழுக்க முதலாக இருக்கிற ஒரு காட்சிக்கு, வெயில் கடையைக் கட்டுகிற நேரத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இதைக் கவனிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், வடகம் காயப்போட்டுப் பழகிய எந்த அம்மாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரருக்கு வேலை, மகளுக்குப் பரீட்சை. தனியாகத்தான் போனேன். டர்பனிலிருந்து கெபேஹாவுக்கு (பழைய போர்ட் எலிசபெத்) விமானம், அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் வேனில். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் கார் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அந்திக்கு மேல் அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள். கூடு என்கிற பெரிய மான் திடீரென்று குறுக்கே பாயும், எச்சரிக்கைப் பலகைகளை வழியெல்லாம் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு, நல்ல வெயில். மூன்றுக்கு மேகம் கூடியது. விடுதிக்காரம்மாவிடம் மழை வருமா என்று கேட்டேனே தவிர, மேகம் வந்தால் என் டிக்கெட் என்ன ஆகும் என்று கிடங்கில் கேட்கத் தோன்றவில்லை.

நாலரைக்கு ஐந்து பேர் உள்ளே போனோம். வாசலில் நின்ற பையன் இருபது நிமிடம் என்று மட்டும் சொன்னான். கறுப்புத் திரை, நாலடி தள்ளி இன்னொரு கறுப்புத் திரை. இரண்டாவது திரை பின்னால் விழுந்ததும் இருந்த இருட்டை எப்படிச் சொல்ல? லோட் ஷெட்டிங்கில் பழகிய ஊர்க்காரியான எனக்கு இருட்டு ஒன்றும் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கரண்ட் போன வீட்டில் ஜன்னல் இருக்கிறது, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் வெளிச்சம் இருக்கிறது, எந்தப் பக்கம் சமையலறை என்று கால் சொல்லும். இங்கே கையை மூக்குக்கு முன் ஆட்டினேன், கை இல்லை. ஈரச் சாக்கு வாசனை. தரை சமமாக இருக்கிறதா, எதிரே தூண் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது என் காதுக்குள் விடுவது போல் கேட்டது. எதிரே இரண்டு விரல் அகலத்தில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி, அதுதான் ஓட்டை. சுவரில் ஏதாவது தெரிகிறதா என்று கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். பழைய ஈரக்கறை மாதிரி ஒரு மங்கல். நேரம் என்ன ஆகியிருக்கும் என்று போனை எடுத்துத் திரையைத் தட்டினேன். இருட்டில் இருந்த நான்கு பேரும் ஒரே குரலில் முனகினார்கள். அவசரமாக அணைத்தேன். அதற்கப்புறம் அந்த மங்கலும் போய்விட்டது, கண்ணுக்குள் செவ்வகமாகப் போன் திரை மட்டும் மிதந்தது. நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. திரை எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. சுவரைத் தடவித் தடவி, கையில் அகப்பட்ட துணியை இழுத்து, இரண்டு திரைகளையும் ஒன்றாக விலக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே வெளிச்சம் கொட்டியது. யாரோ சூள் கொட்டினார்கள். வாசலில் ஒரு படி இருந்தது, உள்ளே போகும்போது ஏறிய அதே படி. அது நினைவில்லை. விழுந்தேன், போன் முன்னால் பறந்தது.

உள்ளே இருந்தது மொத்தம் ஏழே நிமிடம் என்று அந்தப் பையன்தான் சொன்னான். பணத்தைத் திரும்பக் கேட்டேன். வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினான். அவன் மேல் தப்பில்லை, அவனும் கூலிக்கு நிற்கிறவன். ஆனால் மேகம் மூடிய மாலையில், “இன்னைக்கு ஒன்றும் தெரியாதம்மா, நாளைக்கு மாற்றிக்கொள்கிறீர்களா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் போவதாக இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: மேகமாக இருந்தால் வேறு நாளைக்கு மாற்றித் தருவீர்களா? மாட்டோம் என்றால் முன்கூட்டியே எடுக்காதீர்கள். அன்றைக்குக் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு நேரில் போய் எடுங்கள். தங்குவதும் ஒரு நாளுக்கு இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு விடுதியில் நல்ல குளிர். குழாயில் தண்ணீரும் வரவில்லை, விடுதிக்காரம்மா வெந்நீர் ஒரு வாளியும் ஒரு மக்கும் கொண்டுவந்து வைத்து நூறு மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்த நாளில் கிடைத்த ஒரே சொந்த ஊர்ச் சுகம் அதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காலில் க்ரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, விரிசல் விட்ட திரையில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “ஓட்டையைப் பார்த்தாச்சா?” என்றார். பார்த்தேன், ஓட்டை மட்டும்தான் பார்த்தேன் என்றேன். “ஒரு ஓட்டையைப் பாக்க ஏழாயிரமா? நம்ம வீட்டு பாத்ரூம் கதவுல ஒண்ணு இருக்கே” என்றார். சிரித்துவிட்டேன், போனை வைத்ததும் அழுதேன். காலுக்காக இல்லை. நாற்பத்து மூன்று வயதில் முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி பயந்து ஓடிவந்ததை நினைத்து.

மறுநாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. பாதர்ஸ்ட் தெருவில் ஒரு பழைய வீடு மியூசியமாக இருக்கிறது, அப்சர்வேட்டரி மியூசியம் என்று பெயர். அதன் உச்சியிலும் ஒரு கேமரா அப்ஸ்க்யூரா உண்டு என்று விடுதிக்காரம்மா சொன்னார். இன்னொரு இருட்டறையா என்று வயிற்றைக் கலக்கியது, ஆனாலும் நொண்டிக்கொண்டே போனேன். ஹென்றி கார்ட்டர் கால்பின் என்ற கடிகாரக்காரரின் வீடும் கடையும் அது. அவர் 1882-இல் தன் வீட்டு மாடத்தில் இதை அமைத்திருக்கிறார். மனிதர் நேரத்துக்குப் பைத்தியம். அந்த ஊரின் உண்மையான உச்சிப்பொழுதைக் கண்டுபிடிக்கவே தனியாக ஓர் அறை வைத்திருந்தார். தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் இருக்கிற பொதுக் கடிகாரத்தைவிட அந்த ஊர்ச் சூரியன் சராசரியாக 14 நிமிடம் பின்தங்கி வருகிறது. 1867-இல் இந்த நாட்டில் அடையாளம் காணப்பட்ட முதல் வைரம், ஹோப்டவுன் பக்கத்தில் கிடைத்து, இந்த ஊரில் இருந்த ஆதர்ஸ்டோன் என்ற மருத்துவருக்குச் சாதாரணத் தபாலில் வந்தது. 21.25 காரட் கல்லைக் கடித உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்! அந்தக் கல் வைரம்தான் என்று கண்டறியப்பட்ட கதையோடு இந்த வீட்டுக்கு இருந்த தொடர்பால் டி பியர்ஸ் வைர நிறுவனம் இந்த வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தது, 1983-இல் மியூசியமாகத் திறந்தார்கள்.

மேலே ஏறும் படி குறுகல். கால்வலி உள்ளவர்கள், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் முதலிலேயே நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டேன், வெட்கத்தைப் பார்க்கவில்லை. இங்கே அறை ரொம்பச் சின்னது, கதவு உன் கைக்கெட்டும் தூரத்தில், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று கதவின் கைப்பிடியில் என் கையை வைத்துக் காட்டினார். அது போதுமாக இருந்தது. இதுவும் நான் நேற்றே செய்திருக்க வேண்டியது. இருட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளே போகுமுன் சொல்லிவிடுங்கள், வெளியே போகும் வழியைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

கால்பினின் அமைப்பு வெறும் ஓட்டை இல்லை. கூரைக்கு மேலே சாய்வாக ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, அதன் கீழே லென்ஸ், படம் நேராகக் கீழே ஒரு வட்டமான வெள்ளை மேசையில் விழுகிறது. மேலே இருக்கிற கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வழிகாட்டியால் ஊரைச் சுற்றிச் சுற்றிக் காட்ட முடிகிறது. முதலில் மேசை வெறும் பால் நிறமாக இருந்தது. பிறகு கூரைகள், மரங்கள், ஹை ஸ்ட்ரீட் நடுவில் நிற்கிற கதீட்ரலின் கோபுரம். படம் என்றுதான் நினைத்தேன், மரம் அசைந்தது. தூக்கிவாரிப் போட்டது. சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளை கார் மேசையின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்தது. இந்த ஊரில் கழுதைகள் தெருவில் சர்வசாதாரணமாகத் திரியும். அப்படி ஒன்று நடைபாதை ஓரமாக வந்துகொண்டிருந்தது. கையை வை என்றார் வழிகாட்டி. கழுதை போகிற வழியில் உள்ளங்கையை நீட்டினேன். மோதிர விரலின் அடியில் ஏறி, ஆயுள் ரேகையைத் தாண்டி, ஒரு கணம் நின்று காதை ஆட்டிவிட்டு, மணிக்கட்டுப் பக்கமாக இறங்கிப் போனது. பருப்பு அளவு கழுதை. அதன் நிழலும் கூடவே வந்தது. கையில் ஒன்றும் படவில்லை, ஆனால் நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன், விழுந்துவிடுமோ என்று.

எங்கள் ஊரில் ஆத்தா வீடு ஓட்டு வீடு. ஓட்டில் எங்கோ ஒரு பொத்தல், அதன் வழியாகத் தரையில் காசு மாதிரி ஒரு வெளிச்ச வட்டம் விழும். மதியத்தில் அதைக் கையில் பிடிப்பதுதான் எனக்கும் தம்பிக்கும் விளையாட்டு. பொத்தல் கோணல்மாணலாக இருக்கும், வட்டம் மட்டும் எப்போதும் வட்டமாகவே இருக்கும். அது ஏன் என்று யாரும் சொன்னதில்லை. அந்த வட்டம் பொத்தலின் வடிவம் இல்லை, சூரியனின் படம் என்று வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புளியமரத்தடியில் வட்ட வட்டமாக விழுவதும் அதுதான். கிரகணத்தின்போது அத்தனை வட்டமும் பிறை பிறையாக மாறும். நான் இருபது வருஷம் கேமரா அப்ஸ்க்யூராவுக்குள் குடியிருந்துவிட்டுத்தான் அதைப் பார்க்க விமானம் ஏறியிருக்கிறேன்.

நேற்று எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று அவரிடமே கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். ஒன்று, வெயில். ஓட்டைக்கு வெளியே இருக்கிற காட்சியின் மேல் நேராக வெயில் அடிக்க வேண்டும், ஓட்டைக்குள் அடிக்கக்கூடாது. இங்கே தெற்குக் கோளத்தில் மத்தியானச் சூரியன் வடக்கே இருக்கும், நம் ஊருக்கு நேர்மாறு. ஆகவே தெற்கு நோக்கிய ஓட்டைக்கு உச்சிவேளையை ஒட்டிய நேரம் உத்தமம். கிழக்கு நோக்கிய ஓட்டையானால் பிற்பகல், மேற்கு நோக்கியதானால் காலை. டிக்கெட் எடுக்கும்போது ஓட்டை எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டால் சிரிக்கமாட்டார்கள். இரண்டு, கண். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தால் கண் ஓரளவு பழகவே ஐந்து பத்து நிமிடம் ஆகும், முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம். நான் ஏழாவது நிமிடத்தில் ஓடிவிட்டேன். மூன்றாவது, அந்த இரண்டு நொடி போன் வெளிச்சம். பழகிய கண்ணைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவைக்க அது போதும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேன். காலை 11 மணிக் காட்சிக்கு அதே கிடங்கில் இன்னொரு 180 ரேண்ட் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். அந்தப் பையனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, கையைப் பிடித்துப் படியில் ஏற்றினான். ஐந்து நிமிடம் முன்பே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிழலில் நின்றேன், பாதி பழக்கம் வெளியிலேயே ஆகிவிடட்டும் என்று. போனைப் பைக்குள் அணைத்து வைத்தேன். உள்ளே போனதும் இரண்டாம் திரையின் ஓரத்தை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தேன். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன், அறுபது அறுபதாக.

நான்காவது அறுபதில் ஈரக்கறை வந்தது. ஏழாவதில் அது நீலமாயிற்று. தரைப்பக்கம் நீலம். வானம் கீழே கிடந்தது. அதற்கு மேலே கடைகளின் கூரை, பெயர்ப்பலகை, எல்லாம் கவிழ்ந்து. உத்தரத்தை ஒட்டித் தெரு. ஒருவர் தலைகீழாக நடந்து போகிறார், அவர் சிவப்புக் கம்பளித் தொப்பி தரையை நோக்கித் தொங்குகிறது. வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது, சுவரில் அந்தக் காலடி அதே தாளத்தில் விழுகிறது. அப்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. டிவியில் பார்ப்பது என்றோ எங்கோ நடந்தது. இது இதோ இந்தச் சுவருக்கு அந்தப்புறம், இந்த நிமிடம். நிறங்கள் எல்லாம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி, வெளுப்பில்லாமல் ஆழமாக. எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் முதுகில் ஒரு ஜன்னலும் பாதி மரமும் இருந்தன. அவர் நகர்ந்ததும் மரம் சுவருக்குப் போய்விட்டது. அவருக்கு அது தெரியவே தெரியாது. வெளிர் நிறச் சால்வை ஒன்று கொண்டுபோனால் மடியில் விரித்துத் தெருவையே ஏந்திக்கொள்ளலாம். நான் கறுப்பு ஸ்வெட்டரில் போயிருந்தேன்.

போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: முதலில் அனுமதி கேளுங்கள். கையில் பிடித்து எடுத்தால் ஒன்றும் வராது. போனைச் சுவரிலோ ஸ்டாண்டிலோ சாய்த்து, நைட் மோடில், பத்து நொடிக்குக் குறையாமல் விடவேண்டும். அப்படி எடுத்தால் கட்டிடங்கள் வரும், நடக்கிற ஆட்கள் புகையாகிவிடுவார்கள். எனக்குக் கிடைத்த ஒரே படத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி ஒரு கோடாக இழுபட்டிருக்கிறது.

செலவை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். விமானம் போகவர 3,100. வேன் 900. விடுதி 2,550. டிக்கெட் இரண்டு முறை 360. போன் திரை 1,900. பேண்டேஜ், தைலம் 210. சாப்பாடு சுமார் 800. மொத்தம் 9,820 ரேண்ட். கணக்குப் பார்க்கிறவள் என்பதால் இதில் எது தண்டம் என்றும் பார்த்தேன். முதல் டிக்கெட், போன் திரை, பேண்டேஜ், எல்லாம் சேர்த்து 2,290. மூன்று நாள் லீவில் ஒரு நாள் முழு நஷ்டம். மீதியைப் பற்றி வருத்தமில்லை.

திரும்பி வந்தபிறகுதான் பாத்ரூம் கதவு நகைச்சுவைக்குப் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் கூடத்தை இருட்டாக்கினேன். தெற்கு ஜன்னல், வெளியே பள்ளத்தாக்கும் எதிர்வீட்டுச் சுவரும் எங்கள் துணிக்கொடியும். கறுப்புக் குப்பைப் பைகளை இரண்டு மடிப்பாக ஜன்னலில் வைத்துப் பிரவுன் டேப் ஒட்டினேன். பையை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒரு மடிப்பில் வெளிச்சம் கசியும். உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியபிறகுதான் அடங்கியது. கதவிடுக்கில் பழைய வேட்டி. பாதி நேரம் இடுக்குகளைத் தேடுவதிலேயே போகும், உள்ளே உட்கார்ந்து கண் பழகியபின் ஒவ்வொன்றாகத் தெரியும். ஓட்டைக்கு 10 சென்ட் காசை வைத்து வரைந்து வெட்டினேன், சுமார் 16 மில்லிமீட்டர். கூடம் நான்கு மீட்டர் நீளம். கணக்குப்படி மூன்று மில்லிமீட்டர் ஓட்டையில்தான் படம் மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் அது நம் கண்ணுக்குப் போதாத மங்கல். பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், விளிம்பு கலங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் அறைக்கு எது சரி என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ப்ளஸ் 0.5 பவரில் ஒற்றை வில்லை ஒன்று வாங்கினேன், ஃபிரேம் வேண்டாம் என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அதை ஓட்டையில் பொருத்தி, இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால், துணிக்கொடியில் இருக்கிற கிளிப்பைக்கூட எண்ணலாம். நேர் வெயில் விழுகிற ஜன்னலில் மட்டும் வில்லையை வைக்காதீர்கள், அது வெயிலைக் குவிக்கும். டர்பன் வெக்கையில் பிளாஸ்டிக் ஒட்டிய அறை அரைமணியில் அடுப்பாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் காட்சிக்குப் பக்கத்து வீட்டு ஆயாவைக் கூப்பிட்டேன். எண்பத்து நான்கு வயது. அவருடைய பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் அவரிடம் அம்மா பேசிய அளவுக்கு மீதி இருக்கிறது, மற்றதெல்லாம் இங்கிலீஷ். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கையைக் கதவுக் கைப்பிடியில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும் ஆயா என்றேன். பத்து நிமிடமும் கந்தசஷ்டி பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் நின்றது. சுவரில் எதிர்வீட்டு மாமரம் தொங்கிக்கொண்டிருந்தது, கொடியில் என் சேலைகள் மேல்நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. தெரிகிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தரையோரமாக நீலமாக இருந்த இடம் மெல்லச் சாம்பலாக மாறுவதை நானும் பார்த்தேன், ஆனால் எனக்கு உறைக்கவில்லை. ஆயா என் கையைத் தட்டினார்.

“மழே வருதும்மா. துணிய எடு, போ.”

கதவைத் திறக்காமல் பின்வழியாக வெளியே ஓடினேன். முதல் துளிகள் விழ ஆரம்பித்துவிட்டன. சேலைகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கிளிப்புகளைப் பொறுக்கும்போது, ஜன்னலில் ஒட்டிய கறுப்புப் பையில் இருந்த அந்தப் பத்து சென்ட் ஓட்டை வழியாக ஆயா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.